டாக்டர் ஐயாவின் உள்ளங்கை

அன்புள்ள தம்பி,

நீ ஏறிய புகைவண்டி பேராதனையைக்கூடத் தாண்டியிருக்காது, அதற்குள் உன் அம்மா என்னோடு சண்டைக்கு வந்துவிட்டாள். "புள்ள வந்ததுல இருந்து ஒரே விஷயத்தச் சொல்லிப் பொலம்பிட்டுப் போறான். நீங்க சோத்தப் பெசஞ்சுக்கிட்டே உக்காந்திருக்கீங்க. ஒரு வார்த்தை பதில் சொல்லக்கூடாதா?" என்றாள். அவள் சொன்னது சரிதான். எனக்குப் பேச்சு எப்போதும் ஆள் போன பிறகுதான் வரும். நீ கதிரையைப் பின்னால் தள்ளி எழுந்து, உன் மாணவர்களைப் பற்றி, "கேட்டா எல்லாத்துக்கும் தலையாட்டுறானுங்க அப்பா. விளங்கிச்சா? விளங்கிச்சு சேர். கேட்டுச்சா? கேட்டுச்சு சேர். நோயாளி கட்டிலுக்குப் பக்கத்துல கொண்டுபோய் விட்டா ஒருத்தனுக்கும் ஒண்ணும் தெரியல. மக்குப் பயலுக" என்று சொன்னபோது, எனக்கு ஒரு மனிதரின் முகம் கண்முன்னே வந்து நின்றுவிட்டது. அதனால்தான் வாயடைத்துப் போனேன். அவரைப் பற்றி உனக்கு அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சொல்லியிருப்பேன், முழுதாகச் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன். இதில் மறைக்க ஒன்றுமில்லை. உன்னோடு சேர்ந்து பாடம் நடத்துகிறவர்களுக்கும் நீ வாசித்துக் காட்டலாம்.

நான் படித்த காலத்தில் கொழும்பில் உங்கள் மருத்துவக் கல்லூரி இல்லை. கண்டியில் ஓர் ஆஸ்பத்திரியில் எங்கள் மூன்று பேரை மருத்துவ மாணவர்களாகச் சேர்த்துக்கொண்டு, வார்டையே வகுப்பாக வைத்துப் பழக்கினார்கள். உன் தாத்தா கடைவீதியில் துணி அளந்து கொடுத்துக்கொண்டிருந்தவர். மிஷன் பள்ளிக்கூடத்தில் நான் கற்ற ஆங்கிலம்தான் என்னை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது. மற்ற இருவரில் ஒருவன் யாழ்ப்பாணத்துக் கந்தையா. வன்னிக் காட்டு வழியே நடந்தும் வண்டியிலுமாக வந்து சேர்ந்தவன். இன்னொருவன் அம்பிட்டியப் பண்டா. சிங்களவன், ஆனால் கடைவீதித் தமிழ் எங்களைவிட நன்றாகப் பேசுவான். மூன்று பேருக்கும் ஒரே ஆசிரியர். டாக்டர் ஐயா என்போம். பறங்கியர், ஒல்லாந்தர் வழி வந்தவர். கொழும்பில் பிறந்து, கப்பலேறிப் போய்க் கல்கத்தாவில் படித்துவிட்டு வந்தவர். உயரமான ஆள். ஆங்கிலத்தில்தான் பாடம் நடத்துவார். ஆனால் சிறு வயதில் வீட்டு வேலைக்காரர்களிடம் பழகிய தமிழ் அவரிடம் நிறையவே இருந்தது.

அவரைப் பார்த்தால் எங்களுக்குப் பயம். அவர் அடித்ததுமில்லை, வைததுமில்லை. ஆனால் நாங்கள் வாயைத் திறந்தால் போதும், கண்ணெடுக்காமல் எங்கள் வாயையே பார்ப்பார். பிறகு ஓரடி முன்னால் வந்து, குனிந்து, "இன்னொரு தரம் சொல்" என்பார். சொன்னதில் ஏதோ பெரும் பிழை இருக்கிறது என்று நினைத்துக்கொள்வோம். இரண்டாம் தரம் சொல்லும்போது குரல் இன்னும் இறங்கிவிடும். அவர் முகம் இன்னும் சுருங்கும். இப்படிச் சில வாரம் போனதும் நாங்கள் ஒரு வழி கண்டுபிடித்தோம். எதற்கும் நீட்டிப் பதில் சொல்வதில்லை. அவர் நோயாளியின் நெஞ்சில் மரக்குழலை வைத்துக் கேட்பார். புத்தகத்தில் உள்ளபடி ஒரு சத்தத்தின் பெயரைச் சொல்லுவார். குழலை எங்களிடம் நீட்டி, "கேட்கிறதா?" என்பார். நாங்கள் வரிசையாகக் காதை வைத்து எடுத்து, "ஆம் ஐயா" என்று உரக்கச் சொல்லுவோம். உரக்கச் சொன்னால் அவர் முகம் தெளிவதைக் கவனித்திருந்தோம். என்ன கேட்டது என்று எங்களில் யாருக்கும் தெரியாது. என் காதில் விழுந்ததெல்லாம் பெரும்பாலும் என் நெஞ்சடிப்புத்தான்.

கோப்பிப் பழம் பறிக்கும் காலம் அது. தோட்டங்களிலிருந்து மூட்டை வண்டிகள் ஓயாமல் இறங்கிக்கொண்டிருக்கும். அந்தச் சத்தத்தில் வார்டு அதிரும். ஒருநாள் காலை, குண்டசாலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து வீராயி என்ற பெண்ணைக் கம்பளியில் தூளி கட்டி, மகாவலியைத் தோணியில் கடந்து தூக்கி வந்தார்கள். கூட வந்த அவள் புருஷன், "காச்சல் விட்டுருச்சுங்க சாமி, மூச்சுதான் விடமாட்டேங்குது. படுத்தா திணறுறா. உக்காந்தே தூங்குறா" என்றான். அவள் கட்டிலில் கையை ஊன்றிக்கொண்டு, வாயால் மூச்சை இழுத்துக்கொண்டிருந்தாள். உதடு நீலம் பாய்ந்திருந்தது. டாக்டர் ஐயா அவள் முதுகைத் தட்டிப் பார்த்தார், நெடுநேரம் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து குழலை எடுத்து, அவள் முதுகின் இடது பக்கத்தில் வைத்து, எங்களைக் கூப்பிட்டார்.

கந்தையா கேட்டான். "ஓம் ஐயா, கேக்குது." பண்டா கேட்டான். அவனும் ஆம் என்றான். நான் காதை வைத்தேன். ஒன்றும் இல்லை. "கேக்குதுங்க ஐயா" என்றேன்.

அவர் குழலைத் திருப்பி வாங்கினார். ஒரு நீளமான ஊசியை அதன் துளைக்குள் விட்டுக் குத்தி இழுத்தார். மெழுகு தோய்த்த பஞ்சு முழு நீளத்துக்குத் திரிபோல வெளியே வந்தது. அதை எங்கள் முன்னால் கட்டிலின் மீது வைத்தார். துளை முழுவதும் அடைத்த குழலில்தான் நாங்கள் மூன்று பேரும் காதை வைத்து, கேட்கிறது என்று சொல்லியிருந்தோம். அந்த வெட்கம் இன்னும் என் காது மடலில் சூடாக இருக்கிறது. இன்றோடு எங்கள் படிப்பு முடிந்தது, துணிக்கடையில் அப்பாவோடு நிற்க வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

அவர் கோபப்படவில்லை. வீராயியின் கட்டிலில், அவள் காலடியில் உட்கார்ந்தார். இடம் கொடுத்து அவள் காலை மடக்கிக்கொண்டாள். "நான் உங்களை ஏமாற்றினேன். நீங்கள் என்னை ஏமாற்றினீர்கள்" என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். "நான் செய்த இன்னொரு ஏமாற்றும் உண்டு. அதையும் சொல்லிவிடுகிறேன். இந்தக் குழலில் எனக்கு எதுவும் கேட்பதில்லை. பஞ்சு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். காட்டுப் பாதை போட்ட கூலிகளுக்கு வைத்தியம் பார்த்தபோது எனக்குக் காய்ச்சல் விடாமல் வந்தது. கைகையாகக் கொயினா மருந்து தின்றேன். காய்ச்சல் போனது, காதும் போனது. பக்கத்தில் நின்று உரக்கப் பேசினால் பாதி கேட்கும், மீதியை உங்கள் உதட்டில் பார்த்துக்கொள்வேன். ஒரு மனிதனின் மூச்சு எனக்குக் கேட்காது. அந்த இடத்தில் சில்வண்டு இரைகிறது, அவ்வளவுதான். கை சொல்வதையும் பழைய நினைவையும் வைத்து இத்தனை நாள் ஒப்பேற்றினேன். இன்றைக்கு இந்தப் பெண்ணுக்கு அது போதாது. தட்டினால் கை ஒன்று சொல்கிறது. அதை நம்பி இவள் முதுகில் ஊசிக்குழாய் இறக்கலாமா என்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள்தான் எனக்குக் காது. இப்போது பொய் சொன்னால் இவள் செத்துப்போவாள்."

தம்பி, நீ ஆசிரியனாக இருக்கிறாய். அந்த இடத்தில் உன்னை வைத்துப் பார். கண்டி முழுதும் கும்பிடுகிற டாக்டர். யாருக்கும் தெரியாத அந்தச் செய்தி மேலதிகாரிகளின் காதுக்குப் போனால் வேலை போய்விடும். அதை மீசை முளைக்காத மூன்று பயல்களிடம், ஒரு தோட்டத்துப் பெண்ணின் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு சொல்கிறார். அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட மலைப்பு இன்றுவரை இறங்கவில்லை. அவர் எங்கள் வாயையே உற்றுப் பார்த்தது அதட்டல் இல்லை. "இன்னொரு தரம் சொல்" என்றது கண்டிப்பு இல்லை, கெஞ்சல். அதைப் புரிந்துகொள்ளாமல் நாங்கள் பயந்து குரலைத் தாழ்த்தத் தாழ்த்த, அவருக்கு நாங்கள் இன்னும் இன்னும் கேட்காமல் போயிருக்கிறோம்.

பிறகு தமிழில் என்னிடம் சொன்னார்: "புத்தகத்துப் பேர் வேணாம். வீட்டுல பேசுற மாதிரி சொல்லு. என்ன கேக்குதோ அது."

நான் வீராயியின் முதுகில், இடது பக்கம் கீழே குழலை வைத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. குழலை எடுத்துத் துளைக்குள் பார்த்தேன். ஜன்னல் வெளிச்சம் பளிச்சென்று தெரிந்தது. மறுபடி வைத்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. "எனக்கு ஒண்ணுமே கேக்கலைங்க ஐயா" என்றேன். இந்த முறை உரக்கவே சொன்னேன்.

"வலது பக்கம் வை."

வைத்தேன். "காத்து போகுதுங்க. மரத்துக்குள்ள காத்துப் போற மாதிரி. அடியில மட்டும் சடசடங்குது... வறுசட்டியில கோப்பிக்கொட்டை வெடிக்க ஆரம்பிக்குமே, அது மாதிரி."

"திரும்ப இடது."

"இல்லைங்க. மேல இருக்கு. தோள்பட்டைக்குக் கீழ வந்ததும் நின்னுபோகுது. யாரோ கதவைச் சாத்தின மாதிரி நின்னுபோகுதுங்க."

அவர் துள்ளி எழுந்துவிட்டார். "எங்கே? எங்கே நிற்கிறது? விரலை வை!" என்றார். நான் விரல் வைத்த இடத்தில் மையால் கோடு போட்டார். கந்தையாவைக் கூப்பிட்டார். அவன் என் கோட்டைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டு கேட்டு, தன் விரலை வைத்தான். பண்டாவும் வைத்தான். மூன்று விரலும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நின்றன. "நீர்!" என்றார் டாக்டர் ஐயா. "நுரையீரலைச் சுற்றி நீர் கட்டி நிற்கிறது. கேட்கவில்லை என்கிறாயே, அதுதான் இவள் நோய். அதைத்தான் நான் தேடினேன்."

இவ்வளவு நேரமும் தன் முதுகில் நடப்பதைப் பொறுத்துக்கொண்டிருந்த வீராயி, திணறலுக்கு நடுவே கேட்டாள்: "என்னங்க சாமி, எனக்குள்ள அப்பிடி என்னதான் பேச்சுக் கேக்குது?" டாக்டர் ஐயா அவள் முன்னால் போய்க் குனிந்து, அவளுக்கும் தமிழிலேயே விளக்கினார். விலாவுக்குள் தண்ணீர் கட்டியிருக்கிறது, ஊசிக்குழாய் போட்டு எடுக்க வேண்டும், வலிக்கும், அசையக் கூடாது என்றார். அவள் புருஷன் கையைப் பிடித்துக்கொண்டாள். நாங்கள் போட்ட கோட்டுக்குக் கீழே, விலா எலும்புகளுக்கு நடுவே ஊசிக்குழாய் இறங்கியது. வைக்கோல் ஊறிய தண்ணீர் மாதிரி மஞ்சளாக வந்து பாத்திரத்தில் விழுந்தது. வர வர, அவள் ஊன்றியிருந்த கை தளர்ந்தது. "மூச்சு அடி வரைக்கும் போகுதுங்க சாமி" என்றாள். அன்று மாலை, எத்தனையோ நாளுக்குப் பிறகு சாய்ந்து படுத்துத் தூங்கினாள். மறுநாள் காலை அந்தக் கோட்டுக்குக் கீழே நான் மறுபடி குழலை வைத்தேன். தூரத்தில் ஒரு சிற்றோடை ஓடுவதுபோல மெல்லிய காற்று வந்துபோனது. செத்த இடத்தில் மூச்சு திரும்பி வருவதைக் காதால் கேட்டேன் தம்பி. கோயிலில்கூட எனக்கு அப்படி மயிர்க்கூச்செறிந்ததில்லை.

அன்று முதல் எங்கள் வகுப்பே வேறாகிவிட்டது. ஒவ்வொரு நோயாளியின் நெஞ்சிலும் நாங்கள் கேட்பதை அவருக்குச் சொல்ல வேண்டும். புத்தகத்துப் பெயர் தெரியாமலே சொல்ல வேண்டும். கந்தையா ஒரு சத்தத்தை, "ஐயா, பனையோலை பனையோலையோடை உரசுமெல்லே, அப்பிடி" என்பான். பண்டா அதையே, ஈர மணலில் வண்டிச் சக்கரம் உருளுகிற மாதிரி என்பான். டாக்டர் ஐயா இரண்டையும் வாங்கிக்கொண்டு, கையால் தொட்டுப் பார்த்து, தன் நினைவில் இருந்த பழைய சத்தத்தைத் தேடி எடுத்து, இதுதானா என்று வாயால் செய்து காட்டுவார். தன் வாய்ச்சத்தம் தனக்கே சரியாகக் கேட்காத மனிதர். நாங்கள் சிரிப்போம், அவரும் சிரிப்பார். இதயத்துக்கு மட்டும் வார்த்தை போதவில்லை. அதற்கு அவர் தன் இடது கையை விரித்து நீட்டுவார். ஒரு காதில் குழலை வைத்துக் கேட்டுக்கொண்டே, கேட்கிற அடியை அவர் உள்ளங்கையில் விரலால் அப்படியே தட்ட வேண்டும். உரக்க அடித்தால் அழுத்தி, மெல்ல அடித்தால் மெல்ல. அவர் கண்ணை மூடிக்கொள்வார். நோயாளியின் இதயம் என் காதில் நுழைந்து, என் விரல் வழியாக அவர் கைக்குப் போகும். ஓர் உயிர் இரண்டு பேரைக் கடந்து மூன்றாவது மனிதருக்குப் போய்ச் சேருவதை நினைத்து நான் பல நாள் அசந்துபோயிருக்கிறேன்.

ஒரு வருஷத்துக்கு மேல் இப்படிப் போயிருக்கும். அவர் வீடு அம்பிட்டிய மலைச்சரிவில் இருந்தது. தினமும் நடந்தே ஏறி இறங்குவார். ஒரு மத்தியானம் என்னை மட்டும் தன் அறைக்குக் கூப்பிட்டார். மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். சட்டைப் பொத்தான்களைக் கழற்றி, குழலை என்னிடம் கொடுத்து, இடது கையை நீட்டினார்.

காதை வைத்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. அடி ஒழுங்காக இல்லை. இரண்டு வேகமாக வந்தது, ஒன்று வராமலே போனது, பிறகு திடுக்கென்று பெரிதாக ஒன்று. இடையில் ஓர் ஊதல். என் விரல் அவர் கைக்கு மேலே அந்தரத்தில் நின்றது. ஒழுங்கான தாளம் ஒன்றைத் தட்டிவிடு என்று மனம் சொன்னது. அவருக்கு எப்படித் தெரியும்? உலகத்திலேயே அந்தச் சத்தத்தைக் கேட்டவன் நான் ஒருவன்தான். அவர் ஜன்னல் வழியே வாவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கை மட்டும் விரிந்து, என்னை நம்பிக் காத்திருந்தது. அந்தக் கையில் பொய்யைத் தட்ட எனக்கு மனம் வரவில்லை. கேட்டதைத் தட்டினேன். விட்ட இடத்தில் விட்டேன்.

"கூட ஏதாவது சத்தம்?" என்று தமிழில் கேட்டார்.

"சரியா மூடாத ஜன்னல் இடுக்குல காத்து ஊதுற மாதிரிங்க ஐயா."

விரல்களை மடக்கி, என் விரலையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். "படியேறினால் மூச்சு வாங்குகிறது. சாயங்காலம் கால் வீங்குகிறது. வேறொருவன் வந்து இதைச் சொன்னால் உடனே நோயைச் சொல்லியிருப்பேன். எனக்கு நானே சொல்ல முடியவில்லை" என்றார்.

மறுநாள் காலையில் அவர் செய்த காரியத்தை நினைத்தால் இப்போதும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. வார்டில் காலியாக இருந்த கட்டிலில் சட்டையில்லாமல் படுத்துக்கொண்டு எங்களைக் கூப்பிட்டார். "இதயத்துக் கதவு சரியாக மூடாத ஒரு நோயாளி கிடைத்திருக்கிறார். இவர் எங்கும் ஓடிப்போக மாட்டார். வேண்டிய மட்டும் கேளுங்கள்" என்றார். கந்தையாவின் முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் கேட்டான். பண்டாவும் கேட்டான். ஊதல் முதல் அடியோடு வருகிறது என்றான் பண்டா. இல்லை, இரண்டாம் அடிக்குப் பிறகுதான் என்றான் கந்தையா. நான் பண்டாவின் பக்கம் நின்றேன். குரல் ஏறியது. கட்டிலில் படுத்திருப்பவர் யார் என்பதே எங்களுக்கு மறந்துபோயிற்று. அவர் எங்கள் வாய்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டு, நடுவில் ஏதோ சொல்ல வந்தார். குழலில் காதை வைத்திருந்த கந்தையா நிமிராமலே கையை உயர்த்தி, "பேசாதேங்கோ ஐயா! கொஞ்சம் மூச்சைப் பிடியுங்கோ" என்று அதட்டினான். அவர் சட்டென்று வாயை மூடி, மூச்சைப் பிடித்துக்கொண்டார். கண்ணில் மட்டும் சிரிப்பு. வெகுநேரம் கழித்து நிமிர்ந்த கந்தையா, "பண்டா சொன்னதுதான் சரி. நான் பிழை" என்றான்.

"நல்லது. இந்த நோயாளிக்கு என்ன சொல்லப் போகிறீர்கள்?" என்று எழுந்து உட்கார்ந்தார்.

பண்டா ஒரு மருந்தின் பெயரைச் சொன்னான். கந்தையா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு அவர் முன்னால் வந்து, உதடு தெரியும்படி முகத்தை நிமிர்த்தி, "ஐயா, நீங்கள் இனி அம்பிட்டிய ஏத்தம் ஏறக்கூடாது. கீழை டவுனுக்குள்ளை வீடு பாருங்கோ" என்றான்.

"ஏறினால்?"

அவர் என்னைப் பார்த்தார். "செத்துப்போவீங்க ஐயா" என்றேன்.

அவர் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். பொத்தான்களை ஒவ்வொன்றாக மாட்டினார். "சரி, டாக்டர்களே" என்றார். அந்த மாதமே கடைவீதிக்குப் பின்னால் சமதரையில் ஒரு சின்ன வீட்டுக்குக் குடிவந்துவிட்டார். அதன் பிறகும் பல வருஷம் இருந்தார். எங்களுக்குப் பின்னால் வந்த மாணவர்களுக்கும் முதல் பாடம் அவருடைய நெஞ்சுதான்.

உன் பிள்ளைகள் மக்குகள் இல்லை தம்பி. அவர்கள் "கேட்டுச்சு சேர்" என்பது உன் முகத்தைப் பார்த்துச் சொல்கிற பதில், நோயாளியின் நெஞ்சைக் கேட்டுச் சொல்கிற பதில் இல்லை. உனக்கு நல்ல காது. நீ அவர்களுக்கு முன்பே கேட்டுவிடுகிறாய், பெயரையும் சொல்லிவிடுகிறாய். அவர்கள் சொல்லி உனக்கு ஆக வேண்டியது எதுவும் இல்லை என்பது அவர்களுக்குத் தெரிகிறது. பிறகு எதற்காக வாயைத் திறப்பார்கள்? டாக்டர் ஐயாவுக்கு எங்கள் வார்த்தை தேவைப்பட்டது. அதனால்தான் எங்களுக்கு வார்த்தை வந்தது. காது போனதால் அவர் நல்ல ஆசிரியரானார் என்று நான் சொல்ல மாட்டேன். காது போன எத்தனையோ பேர் இன்னும் உரக்கக் கத்துகிறார்களே தவிர, கையை நீட்டுவதில்லை. அவர் நீட்டினார். அது அவருடைய குணம். அந்தக் குணம் காது உள்ளவனுக்கும் வரலாம்.

இனி வேறொரு விஷயம். நேற்றே உன் அம்மாவிடம் சொல்லிவிட்டேன், உனக்கும் சொல்ல வேண்டும். சில காலமாகக் கிணற்றிலிருந்து வாளியைத் தூக்கி வரும்போது நடு வழியில் நிற்க வேண்டியிருக்கிறது. இரண்டு தலையணை இல்லாமல் படுக்க முடியவில்லை. என் மரக்குழலின் ஒரு முனையை என் நெஞ்சில் வைத்தால் மறுமுனை என் காதுக்கு எட்டாது. எத்தனையோ பேரைக் கேட்ட எனக்கு என்னை மட்டும் கேட்க வழியில்லை. பறிப்புக் காலம் முடிந்ததும் உனக்கு விடுமுறை வருமென்று சொன்னாய். வரும்போது உன் மாணவர்களில் ஒருவனைக் கூட்டி வா. மிகவும் பயந்தவன் எவனோ அவனை. முதலில் அவன் கேட்கட்டும். நீ வாசற்பக்கம் போய் நின்றுகொள். என்ன கேட்கிறது என்பதை அவன் வாயாலேயே நான் கேட்டுத் தெரிந்துகொள்கிறேன்.

அந்தப் பையன் மரக்கறி மட்டும்தான் சாப்பிடுவானா என்று முன்கூட்டியே எழுது. அம்மா கேட்கிறாள்.

உன் அப்பா